ஆவாரம்பூ: திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

மார்கழி பாதி தாண்டினால் போதும், எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஆவாரம்பூவைப் பற்றித்தான் இருக்கும். பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பூ எங்கே கிடைக்கும் என்பதில் தொடங்கி, சர்க்கரைக்கு டீ போடுவது வழியாக, "விதை போட்டேன், முளைக்கவே இல்லை" என்பதில் முடியும். நான் தாவரவியல் படித்தவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரைச் சுற்றியுள்ள கரட்டுக்காடுகளில் நடக்கிறவன், அவ்வளவுதான். ஒரே பதிலை நாற்பதாவது தடவை சொல்வதைவிட எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

ஆவாரை, ஆவாரம்பூ, ஆவிரை, மேகாரி... இதெல்லாம் ஒரே செடியா?

ஒரே செடிதான். சங்கப் பாட்டில் ஆவிரை, பேச்சில் ஆவாரை, பூவைச் சொல்லும்போது ஆவாரம்பூ. மேகாரி என்பது மூலிகை ஏடுகளில் வரும் பெயர். அறிவியல் பெயர் சென்னா ஆரிகுலேட்டா. பழைய புத்தகங்களில் காசியா ஆரிகுலேட்டா என்று இருக்கும். 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் அந்தப் பெயரில்தான் பதிவு செய்தார். 'ஆரிகுலேட்டா' என்றால் காது உள்ளது என்று பொருள். காது எங்கே இருக்கிறது என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

ரோட்டோரத்துல மஞ்சளா பூத்திருக்கறதெல்லாம் ஆவாரைதானுங்களா? எப்படிக் கண்டுபிடிக்கறது?

இல்லை. பூவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். முதலில் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே காது மடல் மாதிரி, விரல் நகத்தைவிடப் பெரிதாக, தண்டை அணைத்தபடி ஒரு சின்ன இலை இருக்கும். லின்னேயஸ் சொன்ன காது அதுதான். அடுத்து காய். விரல் நீளத்தில், அப்பளம் போல மெலிந்து தட்டையாக இருக்கும். உள்ளே விதை இருக்கும் இடமெல்லாம் வெளியே மேடாகத் தெரியும். காய்ந்த காய்க் கொத்து காற்றில் சலசலக்கும். பூவில் ஐந்து இதழ்கள், ஓரம் கொஞ்சம் கசங்கினாற்போல, உற்றுப் பார்த்தால் ஆரஞ்சு நிற நரம்போடு இருக்கும்.

குழப்புகிறவை சில உண்டு. வீட்டு முன்னால் மணி மணியாகத் தொங்கும் மஞ்சள் பூ டெக்கோமா. அதன் இதழ்கள் ஒட்டிக் குழலாக இருக்கும். சரக்கொன்றை மரம், பூ சரமாகத் தொங்கும், காய் உருண்ட தடிபோல் இருக்கும். குப்பைமேட்டில் கசக்கினால் வாடை அடிக்கும் செடி பேயாவரை, சில ஊர்களில் பொன்னாவரை என்பார்கள். அதன் இலை பெரிது, முனை கூர், நாலைந்து ஜோடிதான். ஆவாரைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு ஜோடி இருக்கும், முனை மழுங்கியிருக்கும்.

பேயாவரை விஷயத்தில் கவனம் வேண்டும். மேற்கு உத்தரப் பிரதேசத்தில் அதன் விதையைத் தின்ற குழந்தைகள் கல்லீரலும் மூளையும் பாதிக்கப்பட்டு இறந்திருக்கிறார்கள். "ஏதோ ஓர் ஆவாரை" என்று எதையும் பறிக்காதீர்கள்.

இது நம்ம நாட்டுச் செடியா, வெள்ளைக்காரன் கொண்டுவந்ததா?

நம் செடிதான். இந்தியத் தீபகற்பத்தின் வறண்ட பகுதிகளும் இலங்கையின் வறண்ட பகுதிகளும் இதன் பிறந்த மண். இலங்கையில் சிங்களத்தில் ரணவரா என்பார்கள், பூவைப் போட்டுக் கொதிக்கவைத்துக் குடிப்பது அங்கே சாதாரணம். அதற்கு மாத்தறைத் தேநீர் என்றே ஒரு பெயர் உண்டு.

காடுங்கறீங்க, எனக்கு அது வெறும் பொட்டலாத்தான் தெரியுது. அங்க என்ன இருக்கு?

இந்தக் கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். காடு என்றதும் நமக்கு உயர்ந்த மரமும் அருவியும் நினைவுக்கு வருகின்றன. கொங்கு நாட்டிலும் தென்பாண்டிச் சீமையிலும் மலையின் மழைமறைவில் இருக்கும் காடு அப்படி இருக்காது. முட்புதர்க்காடு என்பது அதன் பெயர். ஆள் உயரத்துக்கு மேல் போகிற மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நிற்கும்: வெள்வேல், உடை, வேம்பு. இடையில் காரை, சூரை, விராலி, கள்ளி, கிளுவை, எருக்கு. இவற்றுக்கு நடுவே வெயில் நேராக விழும் இடைவெளிகளில் ஆவாரை. நிழலில் இது பூக்காது. அடர்ந்த காட்டுக்குள் தேடினால் கிடைக்காது. செம்மண், கரிசல், சரளை, கல்லிடுக்கு எதுவானாலும் சரி, தண்ணீர் தேங்காமல் இருந்தால் போதும். ஆணிவேர் ஆழமாக இறங்கிவிடும்.

ஐப்பசி மழைக்கு அப்புறம் காலை ஏழு மணிக்கு அப்படி ஓர் இடத்தில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். கௌதாரி கத்தும். முயல் புழுக்கை கண்ணில் படும். உடும்பு வெயில் காயும். நட்சத்திர ஆமை இந்த மாதிரி இடத்து உயிர்தான். தூத்துக்குடிப் பக்கம் வல்லநாட்டுக் குன்றில் வெளிமான்களுக்கென்று 1987-இல் அமைத்த சரணாலயம் இருக்கிறதே, அதுவும் புதர்க்காடுதான். ஆனால் அரசின் தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதர் நிலத்துக்கும் ஒரு பிரிவு உண்டு. தரிசு என்று ஏட்டில் எழுதிவிட்டால் அப்புறம் அங்கே எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து கட்டலாம், கொட்டலாம்.

எந்த மாசம் பூக்கும்?

வருஷம் முழுக்க நாலு பூவாவது இருக்கும். கொத்துக் கொத்தாகப் பார்க்க வேண்டும் என்றால் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து தை வரை. மழை பொய்த்த வருஷத்திலும் பூக்கும், ஆனால் குறைவாக.

ஆடு மாடு இதைத் தொடாதாமே? அப்படின்னா எதுக்குத்தான் ஆகும்?

பெரும்பாலும் தொடாது. துவர்ப்பு அதிகம். அதனால்தான் மந்தை போகிற பாதையோரத்தில்கூட இது தப்பிப் பிழைக்கிறது.

எதற்கு ஆகும் என்றால், பெரியவர்களைக் கேளுங்கள். ஆவாரங்குச்சியில் பல் துலக்குவார்கள். சித்திரை வெயிலில் மாடு மேய்க்கிறவர்கள் தழையைத் தலையில் பரப்பி அதன் மேல் துண்டைக் கட்டிக்கொள்வார்கள். நான் கட்டிப் பார்த்திருக்கிறேன், மத்தியானம் வரை மண்டை சுடவில்லை. வயலில் சேறடிக்கும்போது கொழுஞ்சி, எருக்கு, வேம்போடு ஆவாரந்தழையையும் மிதித்துவிடுவார்கள், நல்ல தழையுரம்.

பூவச் சுத்தி வண்டு வருதே, அப்ப இதுல தேன் இருக்கா? ஆவாரந்தேன்னு ஒருத்தர் விக்கறாரு.

பூவில் தேன் கிடையாது. வண்டுக்கு இந்தப் பூ தருவது மகரந்தம் மட்டும். அதையும் சும்மா கொடுக்காது. சாதாரணப் பூவில் மகரந்தப்பை நீளவாக்கில் வெடித்துத் தூள் வெளியே தெரியும். ஆவாரையில் அப்படி வெடிக்காது. உப்புக் குப்பி மாதிரி நுனியில் துளை மட்டும் இருக்கும். வெளியே எடுக்க வேண்டும் என்றால் உலுக்க வேண்டும்.

மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் அந்தப் பெரிய கருவண்டு வரும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பறந்து வரும் ரீங்காரம் பூவில் உட்கார்ந்ததும் நின்று, சட்டென்று வேறு சுருதியில் கீச்சென்று ஓர் அதிர்வு கேட்கும். சிறகை அசைக்காமலே, பறக்கும் தசையை மட்டும் அதிரவிட்டுப் பூவையே உலுக்குகிறது. நடுவில் உள்ள சின்னக் கேசரங்களின், அதாவது மகரந்தப்பையைத் தாங்கும் காம்புகளின், தூள் வண்டுக்கு உணவு. கீழே வளைந்து நீண்டிருக்கும் கேசரங்களின் தூள் வண்டின் உடம்பில் அப்பிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். கூலி ஒரு பையில், வேலை இன்னொரு பையில். தேனீக்களுக்கு இந்த உலுக்கல் தெரியாது. சிந்தியதைப் பொறுக்கத்தான் வருகின்றன. பூவில் தேனே இல்லாதபோது ஆவாரந்தேன் எங்கிருந்து வரும்?

இலையில், ஜோடி ஜோடியாக உள்ள சிற்றிலைகளுக்கு நடுவே, குண்டூசித் தலை போலச் சுரப்பிகள் இருக்கும். எறும்பு சுற்றுவது அதைத் தேடித்தான்.

செடி பூரா பச்சைப் புழு. என்ன மருந்து அடிக்கறது?

எதுவும் அடிக்காதீர்கள். பச்சை கலந்த வெள்ளை வண்ணத்துப்பூச்சி ஒன்றும், சின்ன மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஒன்றும் ஆவாரை இனத்துச் செடிகளில் முட்டையிடும். அவற்றின் புழுவாக இருக்கும். இலையை மொட்டையடித்தாலும் செடி சாகாது, அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும்.

பொங்கலுக்குக் காப்புக் கட்டறப்ப இத ஏன் வைக்கறோம்?

கொங்குப் பக்கம் போகியன்று வேப்பிலை, மாவிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ எல்லாம் சேர்த்துக் கொத்தாகக் கட்டி வாசலிலும் தோட்டத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் செருகுவோம். ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு கூடும், குறையும். கிருமிநாசினி அது இது என்று இப்போது விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. தை பிறக்கும் சமயத்தில், வறண்ட நாட்டில், காசு கொடுக்காமல் கை நிறையக் கிடைக்கும் பூக்கள் இவைதான். மாட்டுப் பொங்கலன்று மாட்டின் கழுத்துக்குப் போகும் மாலையும் இதே கணக்குத்தான். இப்போது சந்தையில் கட்டு விலைக்கு வருகிறது. அது வேறு கதை.

சங்க இலக்கியத்துல ஆவிரை மங்கலமான பூன்னு வருதாமே?

தலைகீழ். குறிஞ்சிப்பாட்டின் நீண்ட பூப்பட்டியலில் ஆவிரையும் உண்டு, அங்கே அது மற்றப் பூக்களோடு ஒன்று. ஆனால் இதற்குத் தனி இடம் கிடைப்பது மடலேறுதலில். காதலித்தவளை அடைய முடியாதவன் பனைமடலில் குதிரை செய்து, ஊர் நடுவே அதன்மேல் ஏறி வந்து தன் நிலையைச் சொல்வான். அந்தக் குதிரைக்குப் போடும் மாலை ஆவிரை. குறுந்தொகையில் அதைப் 'பொன்நேர் ஆவிரை' என்கிறார்கள். கலித்தொகையில் பூளை, ஆவிரை, எருக்கு மூன்றும் சேர்ந்தே வருகின்றன. யாரும் விரும்பிச் சூடாத பூக்கள், வெட்கத்தை விட்டவன் சூடுகிறான்.

முந்தின பதிலில் சொன்ன காப்புக் கட்டில் பூளையும் ஆவாரையும் சேர்ந்தே இருப்பதைக் கவனித்தீர்களா? ஒரே நிலத்தில் ஒரே பருவத்தில் பூப்பவை. அன்று தெருவில் நின்ற காதலன் பறித்ததும் இதே கரட்டில்தான்.

இது நம்ம மாநிலப் பூவா?

இல்லை. நமக்குச் செங்காந்தள். கேரளத்துக்குச் சரக்கொன்றை. ஆவாரையை 2014-இல் மாநிலப் பூவாக அறிவித்தது தெலங்கானா. அங்கே பெயர் தங்கேடு. பதுக்கம்மா விழாவில் பூக்களை அடுக்கடுக்காகக் கோபுரம்போல் வைப்பார்கள், அதில் தங்கேடு இல்லாமல் இருக்காது.

எங்க தாத்தா ஆவாரம்பட்டை உரிச்சு வித்தாருன்னு அப்பா சொல்வார். பட்டைய யாரு வாங்குவாங்க?

தோல் ஷாப்காரர்கள். ஆவாரம்பட்டையில் சுமார் 18 சதவீதம் டானின் என்னும் துவர்ப்புச் சத்து இருக்கிறது. பச்சைத் தோலை அழுகாமல் பதப்படுத்துவது அதுதான். வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல் தொழிற்கூடங்களில் ஒரு காலத்தில் இதுதான் முக்கியச் சரக்கு. வெளிர் நிறத்தில் பதமாகும் அந்தத் தோலுக்கு வெளிநாட்டில் நல்ல பேர். பட்டை உரிப்பது கஷ்டமான வேலை. குச்சியை வெட்டி, ஈரம் காயுமுன் தட்டி, நாராக உரித்து, உலர்த்திக் கட்டுவார்கள். வெட்டின செடி மறுபடி துளிர்த்து வரும் என்பதால் அதே கரட்டுக்கு மறுபடி போகலாம்.

அப்புறம் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. அதில் டானின் இன்னும் அதிகம், ஆள்கூலி குறைவு. அதை இங்கேயே வளர்த்துக்கொள்ளலாம் என்று நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிகளில் வாட்டில் மரத்தை நட்டார்கள். அந்த மரம் இன்றைக்கும் சோலைப் புல்வெளிகளை மூடிக்கொண்டு நிற்கிறது. கீழே கரட்டில் சும்மா கிடைத்த பட்டையை விட்டுவிட்டு மேலே மலையைக் கெடுத்துக்கொண்டோம் என்பது என் வருத்தம். அதற்குப் பிறகு குரோமியம் உப்பு வந்து, பட்டையின் தேவையே பெரும்பாலும் போய்விட்டது. அந்தக் கழிவை வாங்கிக்கொண்டது பாலாறு.

ஆவாரம்பூ டீ குடிச்சா சர்க்கரை மாத்திரைய நிறுத்திடலாமா? "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ"ன்னு பழமொழியே இருக்கே.

நிறுத்தாதீர்கள். பழமொழி எதுகைக்குச் சொன்னது, மருந்துச் சீட்டு இல்லை.

சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் என்று நீரிழிவுக்கு ஒரு மருந்து இருப்பது உண்மை. அதில் ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், மருதம்பட்டை என்று பல சரக்குகள் சேரும். ஆளைப் பார்த்து அளவு சொல்லிக் கொடுப்பது அது. அதையும் நாலு பூவைக் கொதிக்கவைத்துக் குடிப்பதையும் ஒன்றாக்கக் கூடாது. மாத்திரையோடு சேர்த்துத் தினமும் குடிக்கிறவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கவும் வாய்ப்புண்டு. வலிப்புக்குக் கார்பமசெபின் சாப்பிடுகிறவர்கள் தொடவே வேண்டாம். இலங்கையில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் இந்தத் தேநீர் அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிட்டது. கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நல்லது.

அப்ப சமைக்கவும் கூடாதா?

எப்போதாவது சமைக்கலாம், எங்கள் வீட்டில் செய்வோம். இதழ்களை மட்டும் ஆய்ந்து, பாசிப்பருப்பு முக்கால் வேக்காட்டில் இருக்கும்போது போட்டு, தேங்காய் சீரகம் அரைத்துவிட்டுக் கூட்டு. லேசான கசப்பும் துவர்ப்பும் இருக்கும். ஆனால் பூ எங்கே பறித்தது என்பது முக்கியம். நெடுஞ்சாலை ஓரத்துப் பூ வேண்டாம், புகையும் தூசியும் அப்பியிருக்கும். களைக்கொல்லி அடித்த வரப்போரத்துப் பூவும் வேண்டாம்.

அண்ணா, மூணு தடவ விதை போட்டேன், ஒண்ணுகூட முளைக்கல. என்ன தப்பு?

விதையின் தோல் கல் மாதிரி. காட்டில் அது வெயிலிலும் மழையிலும் கிடந்து மெல்ல இளகும். நீங்கள் அவசரப்பட வேண்டும் என்றால், மணல்தாளில் ஒரு பக்கம் லேசாகத் தேயுங்கள், அல்லது கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் உப்பியவற்றை மட்டும் விதைக்கலாம். அதற்கு முன்னால் காயைத் திறந்து விதையைப் பாருங்கள். பாதி விதைகளில் குண்டூசித் துளை இருக்கும், வண்டு தின்றுவிட்டுப் போனது.

நேரடியாக நிலத்திலேயே விதைப்பது உத்தமம். முதலில் சொன்ன அந்த ஆணிவேர் தொட்டியில் சுருண்டுவிடும், எடுத்து நட்டால் பிடிப்பது சந்தேகம். நல்ல வெயில் வேண்டும். ஊன்றிய பின் தினமும் தண்ணீர் ஊற்றிக் கொல்லாதீர்கள்.

பயறு குடும்பம்தானே, வேர்ல முடிச்சு இருந்து மண்ணுக்குத் தழைச்சத்து ஏறும்னு சொல்றாங்களே?

குடும்பம் அதுதான். ஆனால் ஆவாரை சேர்ந்த சென்னா பேரினத்தில் அந்த வேர்முடிச்சு வருவதில்லை. கொழுஞ்சிக்கும் தட்டைப்பயற்றுக்கும் உள்ள வசதி இதற்கு இல்லை. தழையுரம் என்று மேலே சொன்னது இலை மக்கிக் கொடுக்கும் சத்தை. இரண்டும் வேறு.

முதுமலையில மஞ்சப்பூ மரத்த வெட்டறாங்களாமே. நம்ம ஆவாரைய ஏன் வெட்டணும்?

அது ஆவாரை இல்லை, சென்னா ஸ்பெக்டாபிலிஸ். ஒரே பேரினம், அதனால் பூ அச்சு அசலாகத் தெரியும். அது அமெரிக்க வெப்பமண்டலத்து மரம், அழகுக்காகக் கொண்டுவந்து நட்டது. ஆவாரை புதர், அது மரம். இலை முனை கூர், காய் உருளை, 'காது' பெரிதாக இருக்காது. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் அது மூடிய இடத்தில் கீழே புல் முளைப்பதில்லை, மானும் யானையும் தின்ன எதுவும் இருப்பதில்லை. வெட்டி, காகிதக் கூழுக்குத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். வெறுமனே வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும் என்பதால் இளசுகளை வேரோடு பிடுங்கவும் வேண்டியிருக்கிறது.

ஆவாரை எங்க பார்த்தாலும் இருக்கு. இதப் போய் காப்பாத்தணும்னு சொல்றது வேடிக்கையா இல்ல?

கொஞ்சம் வேடிக்கைதான். செடிக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: ஆவாரை மட்டும் அடர்ந்து கிடக்கும் நிலம் நல்ல நிலம் என்று அர்த்தமில்லை. ஆடு மாடு அளவுக்கு மீறி மேய்ந்தால் தின்னும் புல்லெல்லாம் போய், தின்னாத ஆவாரை மட்டும் மிஞ்சும். ஆவாரையோடு கொழுக்கட்டைப் புல்லும், காரையும், நாலு வகைக் கொடியும் கலந்திருந்தால் அந்தக் கரடு நன்றாக இருக்கிறது. ஆவாரையும் மண்ணும் மட்டும் என்றால் மேய்ச்சலுக்குக் கொஞ்ச காலம் ஓய்வு கொடுக்க வேண்டும்.

நான் காப்பாற்றச் சொல்வது பூவை இல்லை, அது பூக்கிற இடத்தை. அந்த ஆமைக்கும் கௌதாரிக்கும் சாலையோர ஆவாரை எதற்கும் உதவாது.

எங்க பூமியில சீமைக்கருவேலத்த எடுத்துட்டோம். இப்ப ஆவாரை வெதச்சு விடலாமா?

விடலாம், ஆனால் சீமைக்கருவேலம் திரும்ப முளைக்கும் என்பதை மறக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று மழைக்குக் கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆவாரையோடு புல் விதையும், நாலு வெள்வேலும் சேர்த்துப் போடுங்கள். பக்கத்தில் நல்ல கரடு இருந்தால் எதுவும் போடாமல் ஒரு வருஷம் வேலியடைத்து விட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் தானாக வந்து சேரும்.

கடைசியா ஒண்ணு. காப்புக்குப் பூ வேணும், காட்டுக்குள்ள போய்ப் பறிச்சுக்கலாமா?

ஒதுக்குக்காடு என்றால் கூடாது. 1882-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச்சட்டப்படி அனுமதி இல்லாமல் எதையும் எடுப்பது குற்றம், பூவாக இருந்தாலும். சொந்த நிலம், கேட்டு வாங்கிய அடுத்தவர் வரப்பு என்றால் பிரச்சினை இல்லை. கிளையை முறிக்காமல் கொத்தை மட்டும் கிள்ளுங்கள். ஒரு செடியில் பாதியை விட்டுவையுங்கள். காலை எட்டு மணிக்கு முன்னால் போனால் கருவண்டு கூடவே பறித்துக்கொண்டிருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், நீங்கள் கையில் பிடிக்காதவரை அது உங்களைக் கண்டுகொள்ளாது.